விசா நேர்காணலும் நம் வீட்டுத் தகரப் பெட்டியும்

சென்ற மாதக் கிளைக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதத்தை வந்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வராதவர்களுக்காகச் சொல்கிறோம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு, வெளிநாட்டில் படிக்க விசா கேட்கப் போகும் பிள்ளைகளின் காகிதங்களைப் பார்த்துக் கொடுக்கிறோம் அல்லவா, அது சங்கத்தின் வேலைதானா என்று கேள்வி எழுந்தது. மூத்த தோழர் ஒருவர் எழுந்தார். "தண்ணீர்க் குழாய் கேட்கவும் கூலி பாக்கியை வாங்கித் தரவும் தொடங்கிய சங்கம் இது. அமெரிக்கா போகிறவனுக்குக் காகிதம் அடுக்கிக் கொடுக்கவா நாம் சந்தா கட்டுகிறோம்?" என்றார். கைதட்டலும் கிடைத்தது.

பொதுக் குழாய்க்காக வார்டு ஆபீஸ் வாசலில் பகல் முழுவதும் உட்கார்ந்த மனிதர் அவர். அவரை மறுத்துப் பேச அன்று நமக்கு நா எழவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

முதலில், மேசைக்கு வருகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பெட்டர் ரோட்டிலிருந்து யாரும் நம்மிடம் வருவதில்லை. அவர்களுக்கு ஆடிட்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், போய்விட்டு வந்த மாமன் மகன் இருக்கிறான். நம்மிடம் வருவது தாராவியில் தோல் பை தைப்பவரின் மகள், சயான் ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கூடை தூக்குகிறவரின் மகன், லேபர் கேம்பில் பிறந்து மாநகராட்சிப் பள்ளியில் படித்து, தட்டுத் தடுமாறி இன்ஜினீயரிங் முடித்த பிள்ளைகள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். இவர்களை நாம் பார்க்கவில்லை என்றால் முகவர் பார்ப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்கத் துணைத் தூதரகம் 2011 வரை பிரீச் கேண்டியில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பாந்திரா-குர்லா வளாகத்துக்கு வந்தது. நமக்கும் அதற்கும் நடுவே இருப்பது மித்தி ஆறு ஒன்றுதான். தாராவியிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் கூட்டிப் பெருக்கவும், காவல் நிற்கவும், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கவும் நம் ஆட்கள் தினமும் ஆற்றைத் தாண்டுகிறார்கள். ஆனால் நம் பிள்ளை விண்ணப்பதாரராக அங்கே போய் ஜன்னல் முன் நிற்பதற்குப் பதினேழு, பதினெட்டு வருடத்துக் காகிதம் தேவைப்படுகிறது. அந்தக் காகிதத்தை ஒரு வாரத்தில் செய்துவிடலாம் என்று நினைப்பதில்தான் எல்லாக் கேடும் தொடங்குகிறது.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பல்கலைக்கழகம் சேர்க்கை தந்த பிறகு, முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்கும். அதைக் காட்டினால்தான் ஐ-20 என்ற படிவத்தை அனுப்பும். பிறகு சீவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இரண்டும் சேர்த்தால் நம் பணத்தில் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல். டி.எஸ்-160 என்ற நீண்ட படிவத்தைக் கணினியில் நிரப்ப வேண்டும். கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் ஒரு நாள், நேர்காணலுக்கு இன்னொரு நாள். மறுத்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது. திரும்பவும் 185 டாலர் கட்டித் திரும்பவும் நிற்கலாம். சீவிஸ் கட்டணம் மட்டும், அதே வகை விசாவை ஓராண்டுக்குள் மறுபடி கேட்டால், இரண்டாம் முறை கட்ட வேண்டியதில்லை. இதைத் தெரியாமல் இரண்டாம் முறையும் கட்டிய குடும்பம் நம் பகுதியிலேயே இருக்கிறது.

நேர்காணல் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம், செலவு யார் செய்கிறார்கள், அப்பா என்ன வேலை, படித்து முடித்து என்ன செய்வாய். நின்றுகொண்டே பதில் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு உண்டு. விசா கேட்டு வருகிறவர் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றுதான் சட்டம் முதலில் எண்ணிக்கொள்ளும். அப்படி இல்லை என்று அதிகாரிக்குத் திருப்தி உண்டாக்குவது விண்ணப்பதாரரின் பொறுப்பு. நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்தப் பிரிவைச் சொல்லித்தான் மறுக்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது. நெல்லைச் சீமையிலிருந்து மழையில்லாத வருடத்தில் ரயில் ஏறி, தாராவித் தோல் கிடங்குகளில் உப்புத் தோலைச் சுமக்க வந்த நம் தாத்தாக்களை யாராவது நிறுத்தி, "திரும்பிப் போவாயா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? இரண்டு வருடத்தில் கடனை அடைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவேன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பொய்யும் சொல்லியிருக்க மாட்டார்கள், அப்படித்தான் நம்பினார்கள். 1966இல் சிவசேனை தொடங்கிய பின் வந்த வருடங்களில் தென்னிந்தியர்களைப் பார்த்து, எப்போது போகிறாய் என்று தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். அந்தக் கேள்வி நமக்குப் பழையதுதான். பிள்ளைகளிடம் இப்போது புறப்படும் முன்பே கேட்கிறார்கள்.

சரி, இனி காகிதத்துக்கு வருவோம்.

நாம் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள். ரயில்வேயில் கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த நாற்காலி கற்றுக்கொடுத்த பாடம், ஒரு மனிதனுக்கு எத்தனை பெயர் என்பதுதான். கேங்மேனாக இருந்து செத்துப்போனவரின் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கு வருவார். சர்வீஸ் ரிஜிஸ்டரில் முத்தம்மா. ஆதாரில் முத்தம்மாள். வங்கிப் புத்தகத்தில் முத்தம்மாள் சுடலை. மூவரும் ஒருவரே என்று அந்த அம்மா கண்ணீரோடு நிற்பார். மூன்றும் மூன்று பேர் என்று காகிதம் சொல்லும். கடைசியில் காகிதம் சொன்னதைத் திருத்திய பிறகுதான் பணம் நகரும்.

நம் பிள்ளைகளின் கதையும் இதுவே. மகளுக்கு யாழினி என்று ஆசையாகப் பெயர் வைக்கிறோம். மராத்தியில் ழகரம் இல்லை. ரேஷன் கார்டில் யாளினி ஆகிறாள். பள்ளியில் யாலினி. ஆங்கிலத்தில் ஒருவர் இசட்-எச் போடுகிறார், இன்னொருவர் எல் போடுகிறார். அதுவாவது எழுத்துப் பிழை. அப்பா பெயர் விவகாரம் அதைவிடப் பெரியது. நமக்குத் தலைப்பெழுத்து வழக்கம். இங்கே பள்ளியில் மூன்று கட்டம்: பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர். குடும்பப் பெயர் என்ன என்று பள்ளியில் கேட்டால், எழுதப் படிக்கத் தெரியாத அம்மா விழிக்கிறார். எழுதுகிறவர் தாமாகவே நாடார் என்றோ கோனார் என்றோ போட்டு அனுப்பிவிடுகிறார். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை வெட்டி எறிந்தோம் என்று மேடையில் பேசுகிறோம். பம்பாய்ப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் அது ஒரு நிமிடத்தில் திரும்ப ஒட்டிக்கொள்கிறது. பெயருக்குப் பின்னால் அந்த வாலோடு பிள்ளை இருபது வயதுக்கு வந்து நிற்கிறது. அப்பாவின் காகிதத்தில் வால் இல்லை. பிள்ளையின் காகிதத்தில் இருக்கிறது. அதிகாரி கேட்டால் என்ன சொல்வது?

பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தைச் சுருக்கமாக ஏற்பதில்லை, விரித்து எழுதச் சொல்வார்கள். சிலர் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, ஒரே பெயரோடு பாஸ்போர்ட் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் அமெரிக்க விசாவில் என்ன வருகிறது தெரியுமா? இருக்கிற ஒரு பெயர் குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். பெற்று, பெயர் வைத்து, இருபத்திரண்டு வருடம் கூப்பிட்ட பிள்ளைக்குப் பெயர் தெரியவில்லையாம்! அங்கே போய் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அது பின்தொடரும்.

இன்னொன்று தாய்வீட்டுப் பிரசவம். தலைப்பிள்ளை ஊரில்தான் பிறக்க வேண்டும் என்று ஏழாம் மாதமே அனுப்பிவிடுகிறோம். நல்ல வழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பிறப்பு ஊரில் பதிவாகிறது, பெயர் இல்லாமல், 'பெண் குழந்தை' என்று. பெயர் வைத்த பிறகு அதை யாரும் போய்ச் சேர்ப்பதில்லை. ஓராண்டுக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன் பின் தாமதக் கட்டணத்தோடு பதினைந்து ஆண்டு வரை சேர்க்கலாம் என்பது பொதுவான விதி. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். பள்ளிச் சான்றிதழை நீட்டித் தப்பிக்கும் வழி அவர்களுக்குக் கிடையாது. கைக்குழந்தை வைத்திருக்கும் தங்கைமார் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அம்மன் கொடையோடு இந்த வேலையையும் முடித்து வாருங்கள்.

பெயரைத் திருத்த வேண்டுமானால் பிள்ளை பத்தாம் வகுப்பு பரீட்சைக்குப் போகும் முன் பள்ளியில் திருத்திக்கொள்ளுங்கள். வாரியத்தின் மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டால் வேலை பத்து மடங்கு. அரசிதழில் பெயர் மாற்றம், பிரமாணப் பத்திரம் என்று அலைய வேண்டும். செய்ய முடியாதது இல்லை, செய்து கொடுத்திருக்கிறோம். ஆனால் சேர்க்கைக் கடிதம் வந்து, ஆறு வாரத்தில் வகுப்பு தொடங்குகிறது என்ற நிலையில் வந்து நின்றால் எங்களால் என்ன செய்ய முடியும்?

அடுத்தது பணம்.

நம் வீடுகளில் பணம் இல்லாமல் இல்லை. பணத்துக்குத் தடயம் இல்லை. பை ஒன்றுக்கு இவ்வளவு என்று தையல்கூலி ரொக்கமாகக் கையில் வருகிறது. சீட்டில் போகிறது. தாலிக்கொடியாகிறது. ஊரில் தம்பி வீட்டுக்குச் சுவராகிறது. வங்கிப் புத்தகத்தைத் திறந்தால் மூவாயிரம், இருநூறு, ஆயிரத்தைந்நூறு. முகவர் இந்த இடத்தில்தான் நுழைகிறார். "கவலையே வேண்டாம் அண்ணாச்சி, உங்கள் கணக்கில் இருபது லட்சம் போட்டுக் காட்டிவிடுகிறேன், நேர்காணல் முடிந்ததும் எடுத்துக்கொள்கிறேன், வட்டி மட்டும் கொடுங்கள்" என்கிறார். காட்டுப் பணம் என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இதை நாம் கடுமையாக எதிர்க்கிறோம். நாம் பெரிய ஒழுக்கசீலர்கள் என்பதற்காக இல்லை. கணக்கு உதைக்கிறது என்பதற்காக. அந்தப் பணம் விசா வாங்கித் தந்தது என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளை போய் இறங்குகிறது. முதல் பருவக் கட்டணம் எப்படியோ கட்டியாயிற்று. இரண்டாம் பருவத்துக்கு? மாணவர் விசாவில் இருக்கிறவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதில் கல்விக் கட்டணம் கட்ட முடியாது. பிறகு எங்காவது ஒரு கடையின் பின்கட்டில், கணக்கில் வராத கூலிக்கு, பிடிபட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தோடு பாத்திரம் கழுவுவது. தகப்பன் தாராவியில் ரொக்கக் கூலிக்குத் தைத்தார். மகன் அங்கே ரொக்கக் கூலிக்குக் கழுவுகிறான். இதற்கா இவ்வளவு பாடு?

பொய்க் காகிதம் என்று பிடிபட்டால் அதைவிட மோசம். வேண்டுமென்றே தவறான தகவலோ போலி ஆவணமோ கொடுத்ததாக முடிவு செய்தால், அமெரிக்கச் சட்டப்படி அந்தத் தடை வாழ்நாள் முழுவதற்கும். 214(பி) மறுப்பு அப்படி இல்லை, மறுபடி கேட்கலாம். இரண்டுக்கும் உள்ள தூரத்தை முகவர் சொல்ல மாட்டார், தடை அவருக்கு இல்லை. 2023இல் கனடாவில் இருந்து வந்த செய்திகள் நினைவிருக்கும். முகவர் கொடுத்த சேர்க்கைக் கடிதமே போலி என்று, படித்து முடித்து வேலைக்கும் போய்விட்ட பிறகு கண்டுபிடித்து, பஞ்சாபிலிருந்து போன பிள்ளைகளை நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். அவர்கள் வீதியில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது.

அப்படியானால் இல்லாதவன் என்ன செய்வது? உள்ளதைக் காகிதமாக்க வேண்டும். வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லாவிட்டாலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யலாம். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே தொடங்கினால், விசா கேட்கும் நாளில் ஆறேழு வருடக் கணக்கு கையில் இருக்கும். கூலியை மாதம் ஒரு முறையாவது வங்கியில் போட்டு எடுங்கள். சீட்டு எடுத்த பணத்தைக் கணக்கில் போட்டால் சீட்டுப் புத்தகத்தின் நகலை எடுத்து வையுங்கள். ஊர் நிலத்தை விற்றால் கிரயப் பத்திரம். நகை அடகு என்றால் வங்கி ரசீது. திடீரென்று வந்த தொகை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காகிதம் இருந்தால் அது காட்டுப் பணம் ஆகாது.

வங்கிக் கடனைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது, கடன் என்று சொன்னால் விசா தர மாட்டார்கள் என்று. தவறு. அனுமதிக் கடிதம் கையிலிருக்கும் கல்விக் கடன் நேர்மையான ஆதாரம். சிக்கல் வேறிடத்தில். பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் அடமானம் கேட்பார்கள். தாராவியில் மூன்று தலைமுறையாக இருக்கும் வீட்டை அடமானம் வைக்க முடியுமா? பட்டா ஏது? பட்டியலிட்ட சில பல்கலைக்கழகங்களுக்கு அடமானம் இல்லாமலே கூடுதலாகக் கொடுக்கும் வங்கிகள் உண்டு. அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பது எங்கள் யோசனை. நம் பிள்ளைகள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஜெர்மனியைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. அதற்குப் பதில், 2024 செப்டம்பர் முதல் ஓர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போட வேண்டும், அங்கே போன பின் மாதம் 992 யூரோவாக எடுத்துக்கொள்ளலாம். காட்டுப் பணக்காரர் இந்தப் பக்கம் எளிதில் தலைவைக்க மாட்டார், பணம் உள்ளே போனால் போனதுதான். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். என்ற சான்றிதழும் வாங்க வேண்டும், அதற்கு மதிப்பெண் பட்டியல் ஒவ்வொன்றும் கேட்பார்கள். மறுபடியும் பெயர்தான்.

நாங்களும் தவறு செய்திருக்கிறோம், மறைக்க வேண்டியதில்லை. முதல் வருடம் மேசைக்கு வந்த ஒரு பையனுக்கு, பிளாஸ்டிக் உறை போட்டு எண்பது பக்கத்துக்கு ஒரு கோப்பு தயாரித்துக் கொடுத்தோம். எங்களுக்கே பெருமையாக இருந்தது. அலுவலகக் கோப்பு கட்டிய பழக்கம்! "உன் செலவை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டதும் அவன் பதில் சொல்லாமல் கோப்பைப் புரட்டத் தொடங்கியிருக்கிறான். அதிகாரி அதைக் கையிலும் வாங்கவில்லை. மறுப்புச் சீட்டோடு வந்தான். அதிகாரி முன்னால் இருப்பது அவன் நிரப்பிய படிவம், அதை வைத்துத்தான் கேட்கிறார், காகிதம் கேட்டால் கொடுக்கத்தான் கோப்பு என்பதை நாங்கள் அவனுக்குச் சொல்லாமல் விட்டோம். அந்தக் கட்டணம் அவன் அம்மா பீடி சுற்றிச் சேர்த்த பணம். இப்போதெல்லாம் மேசையில் கோப்பை மூடி வைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்கிறோம்.

தோல் பை தைப்பவரின் மகள் என்று மேலே சொன்னோமே, அந்தப் பெண் எங்களிடம் வந்தது இரண்டாம் முறைக்கு. முதல் முறை முகவர் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதிவிட்டார். கூலிக்காரன் என்று எழுதினால் கிடைக்காது என்று சொன்னாராம். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், ஆண்டுக்கு எவ்வளவு புரள்கிறது என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு வாய் அடைத்துவிட்டது. நன்றாகப் படித்த பெண், கல்லூரியில் முதல் வகுப்பு. அப்பாவின் தொழிலைப் பற்றிக் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் முறை உள்ளபடி எழுதினோம். தந்தை தோல் பை தைக்கும் தொழிலாளி, உருப்படிக்குக் கூலி. பல்கலைக்கழகம் கட்டணத்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்திருக்கிறது. மீதிக்கு வங்கிக் கடன், ஊரிலுள்ள அத்தையின் நிலம் அடமானம். போன தடவை வேறு எழுதியிருந்தாயே என்று கேட்டால் என்ன சொல்வது என்று அவள் பயந்தாள். "முகவர் நிரப்பியதைப் படிக்காமல் ஒப்புக்கொண்டேன், தவறு என்னுடையது" என்று சொல் என்றோம். கேட்டார்கள், சொன்னாள். படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்றும் அதில் ஒரு கேள்வி உண்டு. முகவர்கள் இல்லை என்று போடுவார்கள். ஆம் என்று போட்டு, உதவியவர் பெயராக நம் மேசைத் தோழரின் பெயரை எழுதச் செய்தோம். அவளுக்கு விசா கிடைத்தது. அவள் அப்பா சங்கத்துக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "தைக்கிறேன்னு எழுதியுமா குடுத்தாங்க?" என்று இரண்டு தரம் கேட்டார்.

உள்ளதைச் சொன்னால் கட்டாயம் கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. எல்லாம் சரியாக வைத்திருந்த ஒரு பையனை இரண்டு முறை மறுத்தார்கள், காரணம் இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை. அவன் இப்போது இங்கேயே எம்.டெக். படிக்கிறான். அவனுக்குக் கடனும் இல்லை, தடையும் இல்லை.

2025இல் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. மே மாத இறுதியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதையே நிறுத்திவைத்து, ஜூனில் திரும்பத் தொடங்கினார்கள். அப்போதிலிருந்து மாணவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். ஐந்து வருடத்துக்குள் வைத்திருந்த கணக்குகளைப் படிவத்திலும் எழுத வேண்டும். பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள், எந்த ஊர்வலத்தின் படத்தைப் போடுகிறார்கள் என்று இன்னொரு நாட்டு அரசு பார்ப்பது நமக்குச் சம்மதமில்லை. சங்கம் அதைக் கண்டிக்கிறது. ஆனால் கண்டனத்தை நாம் தெரிவிப்போம், பிள்ளை கணக்கை மறைக்க வேண்டாம்.

நம்மில் பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு ஒரு விஷயம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் சாதிச் சான்றிதழ் மகாராஷ்டிர மாநில அரசின் சலுகைகளுக்குச் செல்லாது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தவர் அந்த உரிமையைக் கூடவே எடுத்து வர முடியாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. பம்பாயில் மருத்துவக் கல்லூரி இடம் கேட்ட வழக்குதான் அது. நாட்டுக்குள்ளேயே நாம் விசா இல்லாத வெளியூரார் என்று நம் கூட்டங்களில் சொல்வது வெறும் மேடைப் பேச்சு இல்லை. ஆனால் இதையே நினைத்துக்கொண்டு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையையும் கைவிட்டுவிடுகிறோம். ஆண்டுக்கு 125 இடம், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கே பெரும்பாலான இடங்கள். நிலமற்ற விவசாயக் கூலிகளின், மரபுக் கைவினைஞர்களின் பிள்ளைகளுக்கும் சில உண்டு. தந்தை பிறந்த மாவட்டத்துச் சான்றிதழை எடுத்து வைத்திருந்தால் விண்ணப்பிக்கலாம். நம் மேசைக்கு இதுவரை இதற்கென்று வந்தவர்கள் ஒரு கை விரலுக்குக் குறைவு. 125 என்பது இந்த நாட்டுக்கு ஒரு எண்ணிக்கையா என்பது வேறு கேள்வி, அதைத் தனியாக எழுதுவோம்.

மூத்த தோழருக்கு இப்போது பதில் சொல்கிறோம். தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கினார்களே, அவர்கள் கேட்ட காகிதம் என்ன? 2000 ஜனவரி 1க்கு முன்னால் இருந்தீர்களா, காட்டுங்கள் என்றார்கள். பழைய ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ். கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தபோது எத்தனை வீட்டில் பெயர் ஒத்துப்போயிற்று? விசாவுக்குப் போகும் பிள்ளைக்காக நாம் சரிசெய்வதும் அதே பெட்டியைத்தான். அந்தப் பிள்ளையின் சாக்கில் தாத்தாவின் பெயர், அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர் என்று வீடே நேராகிறது. தோல் பை தைப்பவர் வீட்டில் அப்படித்தான் நடந்தது. மகளுக்காகத் திருத்திய மின் ரசீதைத்தான் கணக்கெடுக்க வந்தவர்களிடம் அவர் நீட்டினார்.

ஆகவே மேசையை மூட வேண்டாம், பெரிதாக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறோம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் முழுவதும் மேசை இருக்க வேண்டும். பள்ளியில் பெயர் எழுதும்போது நம் தோழர் ஒருவர் பெற்றோரோடு கூடப் போக வேண்டும். தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க, நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் நமக்குத் தெரிந்த ஆட்களின் பட்டியல் ஒன்று வேண்டும். எதிர்க்கிறவர்கள் வந்து எதிர்க்கலாம், ஓட்டுக்கு விடுவோம்.

மேசை வழக்கம்போல் இரண்டாம், நான்காம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. வருகிறவர்கள் பிள்ளையை மட்டும் அனுப்பாமல் அப்பா, அம்மா இருவரும் வாருங்கள். அசல் காகிதங்களைக் கொண்டு வாருங்கள், அலைபேசியில் எடுத்த படம் போதாது. பழைய ரேஷன் கார்டு கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். சென்ற மாதம் ஒருவர் 1987ஆம் வருடத்துக் கார்டைக் கொடுத்து பளபளப்பாக உறை போட்டு வாங்கி வந்தார். சூட்டில் மை ஓடி, அவர் அப்பா பெயர் இருந்த வரி மட்டும் கறுத்துப் போயிருந்தது.